தோட்டத்து நாயும் அதன் உணவும்

மாந்தன் பழக்கிய விலங்குகளுள் காலத்தால் முந்தியது நாய். தமிழகத்தின் திருவண்ணாமலை வட்டாரத்து எடுத்தனூரில் நடுகல் ஒன்று உண்டு. மகேந்திரவர்ம பல்லவனின் 34-ஆம் ஆட்சியாண்டில், அஃதாவது 7-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில், எழுப்பப்பட்டது அது. எருமைகளைக் காக்கும் பூசலில் கருந்தேவக்கத்தி என்னும் வீரன் மாண்டான். கோவிவன் என்னும் அவனுடைய நாய் கள்வரைக் கடித்துக் காவல் நின்றது. அதனால் வீரனோடு நாயின் உருவும் பெயரும் கல்லில் இடம்பெற்றன. நாயின் வீரத்தைப் போற்றிய கல், அஃது உண்ட உணவைப் பற்றி ஒன்றும் கூறவில்லை. ஆயினும் அவ்வுணவுக்கும் ஒரு வரலாறு உண்டு. அதனைத் தெளிவாகக் காட்டும் களங்களுள் ஒன்று கோல சிலாங்கூரும் அதற்கு வடக்கே பரந்த தோட்டப்புறங்களும் ஆகும்.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்வட்டாரக் காடுகள் ரப்பர்த் தோட்டங்களாயின. 1917-இல் பிரெஞ்சுக்காரரான ஆன்றி ஃபொக்கொனியே, தென்னமரம் தோட்டத்தில் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைப் பயிரைத் தொடங்கினார். தோட்டத்தின் பெயரிலேயே தமிழ் ஒலிக்கிறது. அங்கு உழைத்த கைகள் எவருடையவை என்பதை அப்பெயரே உணர்த்தும். தமிழர் குடியிருந்த லயத்து வீடுகளில் நாயும் ஓர் உறுப்பினராய் வாழ்ந்தது. அதற்கெனத் தனி உலை வைக்கப்படவில்லை. வீட்டார் உண்டு எஞ்சிய சோறு, கஞ்சி, கருவாட்டுத் தலை, குழம்பில் வெந்த எலும்பு ஆகியவையே அதன் பங்கு.

அந்தச் சோறும் தொலைவிலிருந்து வந்ததே. பர்மாவும் சயாமும் அனுப்பிய அரிசியையே தோட்டங்கள் பெரிதும் நம்பியிருந்தன. முதல் உலகப் போரை அடுத்து, 1919-1920-இல் மலாயாவில் அரிசிப் பஞ்சம் தலைதூக்கியது. 1941 திசம்பரில் சப்பானியர் படையெடுத்தபின் நிலைமை இன்னும் கொடியதாயிற்று. 1945 வரை மரவள்ளிக் கிழங்கே பலருக்கு உயிர்காத்த உணவு. பச்சையாக உண்டால் நஞ்சாகும் அக்கிழங்கை நன்கு வேகவைத்தே உண்ண வேண்டியிருந்தது. தோட்டத் தமிழருள் பல்லாயிரவர் சயாம் மரண இரயில் பாதைக்குக் கொண்டு செல்லப்பட்டனர். மக்களுக்கே சோறில்லாத வீட்டில் நாய்க்குச் சோறு ஏது? உழைப்பாளியின் தட்டு காய்ந்தபோது நாயின் தட்டும் காய்ந்தது.

இன்று, ‘நாய் ஓநாயின் வழிவந்தது, ஆதலின் பச்சை இறைச்சியே அதற்கு உரிய உணவு’ என்று சிலர் வாதிடுகின்றனர். 1860-களில் இலண்டனில் ஜேம்ஸ் ஸ்பிராட் நாய்களுக்கென மாவும் இறைச்சியும் சேர்த்த ரொட்டியை விற்கத் தொடங்கினார். ஆலை உணவு அதன்பின் பெருகிற்று. அதற்கு மறுப்பாக ஆஸ்திரேலியக் கால்நடை மருத்துவர் இயன் பில்லிங்கர்ஸ்ட் 1993-இல் எழுதிய நூல், பச்சை இறைச்சியும் எலும்பும் தரும் முறையைப் பரப்பியது.

ஆனால், வரலாறு வேறொன்றையும் கூறுகிறது. 2013-இல் சுவீடனின் உப்சாலா ஆய்வாளர்கள், மாவுப்பொருளைச் செரிக்கச் செய்யும் மரபணுவை ஆராய்ந்தனர். ஓநாயிடம் அது 2 படிகளே. நாயிடமோ 4 முதல் 30 வரை. உழவனோடு வாழ்ந்து, அவனது உணவில் பங்கு கொண்ட பல்லாயிரம் ஆண்டுகள் நாயின் உடலிலேயே எழுதப்பட்டுவிட்டன. லயத்துச் சோறு நாய்க்கு முற்றிலும் புறம்பானதன்று. எனினும், சோறு மட்டுமே போதிய ஊட்டமும் ஆகாது.

ஆகவே, வளர்ந்த நாயின் உணவை மாற்ற விழைவோர் விரைதல் தகாது. முதலில் கால்நடை மருத்துவரின் அறிவுரையைப் பெறவேண்டும். தொடக்கத்தில் பழைய உணவில் கால் பங்கை மட்டும் நீக்கிப் புதியதைச் சேர்த்து, 7 முதல் 10 நாள்களில் படிப்படியாக மாற்றுவது முறை. வயிற்றுப்போக்கோ வாந்தியோ கண்டால் நிறுத்திவிட வேண்டும். வெந்த எலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் கிழிக்கும். பச்சை எலும்பும் பல்லை உடைக்கலாம், தொண்டையில் சிக்கலாம். வெறும் இறைச்சியில் சுண்ணாம்புச் சத்து குறைவு. பச்சை இறைச்சியிலுள்ள சால்மொனெல்லா போன்ற நுண்ணுயிர்களைக் குளிர்ப்பெட்டி கொல்லாது. அவை வீட்டாரையும் தாக்கும். 2012-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவச் சங்கம் இத்தகைய உணவை ஊக்குவிக்கலாகாது என அறிவித்தது. குழந்தைகளும் முதியோரும் உள்ள இல்லங்களில் வேகவைத்து அளிப்பதே நலம்.

ரப்பர் மரங்கள் பெரிதும் செம்பனைக்கு இடம் தந்தன. தோட்டக் குடும்பங்கள் பல நகர்களுக்குப் பெயர்ந்தன. பத்தாங் பெர்ஜுந்தை என்னும் ஊர்ப்பெயரும் 2007-இல் பெஸ்தாரி ஜெயா என மாறிற்று. லயங்கள் மறையும்போது அவற்றின் நினைவும் மறைந்துவிடலாகாது. தலைவர்களின் வரலாறு நூல்களில் உள்ளது. உழைத்தவனின் வரலாறோ அவன் உண்ட சோற்றிலும், அதில் அவன் நாய்க்கு ஈந்த ஒரு பிடியிலும் அடங்கியுள்ளது. வறுமையிலும் பகிர்ந்துண்ட அந்தப் பண்பை மாணவர் அறிதல் வேண்டும்.