ஜாடை ஒண்ணு, ரத்தம் வேற: கெச்சுவாவும் அய்மாராவும்

கொஞ்சம் நீளமான த்ரெட். டீ போட்டு வச்சுக்கிட்டு படிங்க.

1) "டாக்டர், கினோவா சாப்பிட்டா சுகர் குறையுமா?" இப்பல்லாம் அடிக்கடி வரும் கேள்வி. அதுலயும் மாவுச்சத்து இருக்கு, அளவாத்தான் சாப்பிடணும். பதில் அவ்வளவுதான். இன்னைக்கு பேசப்போறது அந்தத் தானியத்தைப் பத்தி இல்ல. "கின்வா" என்ற அந்தப் பெயரைக் கொடுத்த மொழியைப் பத்தி.

2) அந்த மொழி கெச்சுவா. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைத்தொடர் நெடுகப் பேசப்படுவது. பெரு, பொலிவியா, ஈக்வடார், கொலம்பியா, அர்ஜென்டினா, சிலி என்று ஆறு நாடுகளில் இருக்கு. பெருவில் மட்டும் 2017 கணக்கெடுப்புப்படி சுமார் 37 லட்சம் பேர் இதைத் தாய்மொழின்னு பதிவு செஞ்சிருக்காங்க. பூமா, காண்டோர் கழுகு, லாமா, பறவை எச்ச உரமான குவானோ எல்லாமே கெச்சுவாவிலிருந்து உலகத்துக்குப் போன சொற்கள்தான்.

3) ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிடறேன். கெச்சுவா என்பது ஒரு மொழி இல்ல, ஒரு குடும்பம். மத்திய பெருவின் மலைக் கிராமத்துக்காரரும் ஈக்வடார்காரரும் அவரவர் கெச்சுவாவில் பேசினா ஒருத்தருக்கு ஒருத்தர் புரியாது.

4) "இன்கா பேரரசின் மொழிதானே? குஸ்கோ நகரத்தில் பிறந்து, இன்காக்கள் படையெடுத்த இடமெல்லாம் பரவியது." பல புத்தகங்களில் இப்படித்தான் எழுதியிருப்பாங்க. கேட்க நல்லா இருக்கு. ஆனா கணக்கு உதைக்குது.

5) இன்காக்கள் பெரிய அளவில் விரிய ஆரம்பிச்சது 15ஆம் நூற்றாண்டில். 1532ல் ஸ்பானியர் பிசாரோ கஹமார்காவில் இன்கா மன்னர் அதாவால்பாவைச் சிறைபிடிச்சார். இடைவெளி சுமார் நூறு வருஷம். ஒருத்தருக்கு ஒருத்தர் புரியாத அளவுக்கு மொழிகள் பிரிய நூறு வருஷம் போதாது. 1,000 வருஷத்துக்கும் மேல தேவைப்படும்.

6) 1963ல் கேரி பார்க்கர், 1964ல் ஆல்ஃப்ரெடோ டொரேரோ. ஒருத்தரை ஒருத்தர் சாராமல் வேலை செஞ்ச இந்த ரெண்டு மொழியியலாளர்களும் ஒரே முடிவுக்கு வந்தாங்க. கெச்சுவாவுக்கு ரெண்டு பெருங்கிளைகள். ஒன்று மத்திய பெருவில் மட்டும் இருக்கு. இன்னொன்று அதற்கு வடக்கிலும் தெற்கிலும் பரந்து கிடக்கு. குஸ்கோ பேச்சு இந்த இரண்டாவது கிளையில் ஒரு சிறு கொப்பு, அவ்வளவுதான்.

7) ஒரு குடும்பத்தில் வேறுபாடு எங்கே அதிகமோ, அங்கேதான் அது ரொம்ப காலமா இருந்திருக்கணும். கெச்சுவாவுக்கு அந்த இடம் மத்திய பெரு. அதாவது இன்காக்கள் கெச்சுவாவைப் பெத்தவங்க இல்ல. ஏற்கெனவே பரவி இருந்த மொழியை ஆட்சிக்கு எடுத்துக்கிட்டவங்க.

8) இப்போ பக்கத்து வீட்டுக்கு வருவோம். டிடிகாகா ஏரியைச் சுற்றி, பொலிவியாவிலும் தெற்கு பெருவிலும் பேசப்படும் பெரிய மொழி அய்மாரா. கெச்சுவாவையும் அய்மாராவையும் பக்கத்தில் வச்சுப் பார்த்தா அச்சு அசல் அக்கா தங்கச்சி மாதிரி இருக்கும்.

9) ரெண்டிலும் மூணே உயிரொலிகள்: அ, இ, உ. ரெண்டிலும் வினைச்சொல் வாக்கியத்தின் கடைசியில் வரும். ரெண்டிலும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டு மேல ஒட்டாகச் சேரும். கெச்சுவாவில் "வாசி" என்றால் வீடு, "வாசிகுனா" வீடுகள், "வாசிகுனாபி" வீடுகளில். அய்மாராவும் இதே போலத்தான் கட்டும். சொற்களில் நாலில் ஒரு பங்கு அளவுக்குப் பொதுவானவை.

10) அப்போ ரெண்டும் ஒரே தாய் வயித்துப் பிள்ளைகளா? இந்தக் கேள்வி ஆய்வாளர்களை ரொம்ப காலமா சுத்த விட்டிருக்கு. 1968ல் ஆர், லாங்ஏக்கர் என்ற ரெண்டு பேர் "ஆமாம்" என்று சொல்லி, ரெண்டுக்கும் பொதுவான ஆதி மொழியையே மீட்டுருவாக்கப் பார்த்தாங்க.

11) ஒரு மருத்துவரா எனக்கு இது ரொம்பப் பழகின கேள்வி. ஒரே வீட்டில் நாலு பேருக்கு ஒரே நோய். இது பரம்பரையா வந்ததா, இல்ல தொத்திக்கிட்டதா? வெளியே தெரியும் அறிகுறி ஒரே மாதிரி இருக்கலாம். ஆனா அப்பா கிட்ட இருந்து மரபணுவில் வந்தது வேற, ஒரே வீட்டில் புழங்கினதால் வந்தது வேற.

12) மொழியில் இதை எப்படிக் கண்டுபிடிக்கறது? நமக்குத் தெரிஞ்ச உதாரணம் பாருங்க. பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி. தமிழில் "ப" வரும் இடத்தில் கன்னடத்தில் "ஹ" வருது. அதுவும் ஒழுங்கா, திரும்பத் திரும்ப. இது பரம்பரை. ஆனா "ஜன்னல்", "மேசை" எல்லாம் போர்ச்சுகீசியர் கிட்ட இருந்து வந்தவை. எவ்வளவு சேர்த்தாலும் தமிழும் போர்ச்சுகீசும் சொந்தம் ஆகாது. இது தொற்று.

13) இந்த டெஸ்ட்டை ஆண்டிஸில் போட்டுப் பார்ப்போம். முதலில் எண்கள். கெச்சுவா முதலில், அய்மாரா அடுத்து:
மூணு: கிம்சா – கிம்சா
அஞ்சு: பிச்கா – பிஸ்கா
ஆறு: சொக்தா – சுக்தா
பார்த்தா ஒண்ணுதான், இல்லையா? இருங்க.
ஒண்ணு: ஹுக் – மாயா
ரெண்டு: இஸ்காய் – பாயா
நாலு: தாவா – பூசி
ஒண்ணும் ரெண்டும் ஒட்டவே இல்ல!

14) அடுத்து உடம்பு. இது என் ஏரியா.
கண்: ஞாவி – நய்ரா
கை: மக்கி – அம்பரா
ரத்தம்: யவார் – வீலா
எலும்பு: துல்யு – சாக்கா
"உமா" என்ற சொல் ரெண்டிலும் இருக்கு. கெச்சுவாவில் அது தலை, அய்மாராவில் தண்ணீர். கினோவாவுக்குக்கூட அய்மாராவில் "ஜூப்பா" என்று தனிப் பெயர். உருளைக்கிழங்கு கெச்சுவாவில் பாப்பா, அய்மாராவில் சோக்கி.

15) கவனிச்சீங்களா? ஒத்துப்போகும் சொற்கள் அப்படியே நகலெடுத்த மாதிரி ஒத்துப்போகுது. ஒத்துப்போகாதவை சுத்தமா ஒத்துப்போகல. பரம்பரைச் சொந்தமா இருந்தா நடுவாந்தரமா, பால்–ஹாலு மாதிரி உருமாறிய சொற்கள் நிறைய இருக்கணும். அது இல்ல. டயக்னோசிஸ் தொற்றின் பக்கம் சாயுது.

16) அப்போ இலக்கணம் ஏன் இவ்வளவு ஒத்துப்போகுது? தமிழில் கேட்பவரையும் சேர்த்தால் "நாம்", சேர்க்காவிட்டால் "நாங்கள்". ஆண்டிஸ் மொழிகள் ரெண்டிலும் இந்த வேறுபாடு இருக்கு. கெச்சுவாவில் நாம் "ஞொக்கஞ்சிக்", நாங்கள் "ஞொக்கைகு". அய்மாராவில் நாம் "ஹிவாசா", நாங்கள் "நானக்கா". கட்டுமானம் ஒண்ணு, செங்கல் வேற.

17) "நானக்கா"ன்னா நாங்களா? அப்போ அய்மாரா தமிழ்தான்!னு இப்பவே சிலர் ஃபார்வேர்டு தயார் பண்ணியிருப்பீங்க. பொங்கிடாதீங்க. கண், கை, ரத்தம், ஒண்ணு, ரெண்டு எதுவும் தமிழோடு ஒட்டாது. ஒரே ஒரு அறிகுறியை வச்சு நோய்க்குப் பெயர் வைக்கக் கூடாது.

18) இன்னொரு தடயம் தொண்டையில் இருக்கு. குரல்நாண்களை மூடி, குரல்வளையை மேலே தூக்கி, வாய்க்குள் காற்றை அழுத்தி வெடிக்க விடும் ஒலிகள் உண்டு. குஸ்கோ கெச்சுவாவில் "தாண்டா"வை சாதாரணமா சொன்னா கூட்டம், மூச்சு விட்டுச் சொன்னா கிழிஞ்சது, இப்படி வெடிச்சுச் சொன்னா ரொட்டி! அய்மாராவிலும் இந்த ஒலிகள் உண்டு. ஆனா மத்திய பெருவின் கெச்சுவாவில் இல்ல.

19) பெரும்பாலான ஆய்வாளர்கள் தரும் விளக்கம் இது: குஸ்கோ பகுதியில் முன்பு அய்மாரா வகை மொழி பேசினாங்க. பிறகு கெச்சுவாவுக்கு மாறினப்போ பழைய தொண்டையை விடல. பெருவின் மொழியியலாளர் செரோன்-பலோமினோ, "குஸ்கோ" என்ற பெயரே ஆந்தையைக் குறிக்கும் அய்மாராச் சொல்லிலிருந்து வந்ததுன்னு வாதிடறார். இன்காக்களின் தலைநகரம் ஆரம்பத்தில் கெச்சுவா ஊரே இல்ல!

20) டச்சு அறிஞர் வில்லெம் அடெலார் இன்னும் பின்னால் போறார். கிளைகள் பிரிவதற்கு முன்பே ரெண்டு ஆதி மொழிகளும் மத்திய பெருவில் நெருங்கிப் புழங்கின; அதில் ஒன்று இன்னொன்றின் அச்சில் தன்னையே வார்த்துக்கிச்சு என்பது அவர் கருத்து. இன்னைக்குப் பலரும் ஏற்பது இந்தப் பக்கம்தான். அக்கா தங்கச்சி இல்ல, ரொம்ப நாள் சேர்ந்து வாழ்ந்த குடித்தனக்காரங்க.

21) "டிடிகாகா ஏரிக்கரை அய்மாரா எப்படி மத்திய பெருவுக்கு வந்துச்சு?" நல்ல கேள்வி. அது அங்கே போகல, அங்கிருந்துதான் வந்துச்சு. சாட்சி, லிமா நகருக்குத் தெற்கே மலைக்குள் இருக்கும் டூப்பே என்ற சின்ன ஊர்ப் பகுதி. அங்கே சில நூறு பேர் ஹகாரு என்ற மொழி பேசறாங்க. அதோடு ஒட்டின கவ்கி கிட்டத்தட்ட மறைஞ்சே போச்சு.

22) 1950களின் கடைசியிலிருந்து மார்த்தா ஹார்ட்மன் என்ற அமெரிக்க மொழியியலாளர் அந்த மலைக்குப் போய் ஹகாருவைப் பதிவு செஞ்சார். ஹகாருவும் அய்மாராவும் பால்–ஹாலு வகைச் சொந்தம், அதாவது நிஜமான உடன்பிறப்புகள். ஒரு மொழி பெருசா தெற்கே போயிடுச்சு, இன்னொன்று பிறந்த வீட்டுப் பக்கமே தங்கிடுச்சு.

23) அந்தச் சில நூறு பேரும் 100 வருஷம் முன்னாடியே ஸ்பானிஷுக்கு மாறியிருந்தா? அய்மாரா காலங்காலமா டிடிகாகா ஏரி மொழி, டிவானாக்குவின் பிரம்மாண்டக் கற்கோயில்களைக் கட்டியது அய்மாரா பேசியவங்கதான்னு எல்லாரும் நிச்சயமா நம்பியிருப்போம். பயாப்சி எடுக்காமலே நோயாளியை அனுப்பிட்ட மாதிரி. அப்புறம் உண்மையை யார் கிட்ட கேட்பீங்க?

24) அப்படிக் கேட்க ஆளில்லாமல் போனது புக்கினா. டிடிகாகா பகுதியின் பழைய மொழி. டிவானாக்குவோடு பல ஆய்வாளர்கள் இதைத்தான் சேர்க்கறாங்க. 1575ல் கெச்சுவா, அய்மாராவோடு சேர்த்து புக்கினாவையும் பெருவின் பொது மொழின்னு ஸ்பானிய அரசப் பிரதிநிதி அறிவிச்சார். ஆனா நமக்கு மிஞ்சியது, 1607ல் அச்சான ஓரே பாதிரியாரின் சடங்கு நூலில் இருக்கும் சில ஜெபங்கள்தான்.

25) இல்ல, இன்னொரு துண்டும் மிஞ்சியிருக்கு. அது நம்ம தொழில்காரங்க கிட்ட! பொலிவியாவின் சராசானி பகுதியில் கல்லவாயா என்ற நாடோடி மூலிகை வைத்தியர்கள் இருக்காங்க. வீட்டில் கெச்சுவா. வைத்தியத்துக்கு மட்டும் ஒரு ரகசிய மொழி, அப்பா மகனுக்குச் சொல்லித்தருவது. அதன் ஒட்டுகளும் இலக்கணமும் கெச்சுவா, வேர்ச்சொற்களில் பெரும்பகுதி புக்கினா. கெச்சுவா உடம்பில் புக்கினா உறுப்பை மாற்றி வச்ச மாதிரி. தானம் கொடுத்தவர் இறந்துட்டார், உறுப்பு மட்டும் வேலை செய்யுது.

26) இது மொழியியல் விளையாட்டு மட்டும் இல்ல. 1584ல் லிமாவில் அச்சான தென் அமெரிக்காவின் முதல் புத்தகம் ஸ்பானிஷ், கெச்சுவா, அய்மாரா மூன்றிலும் இருந்த ஞானோபதேச நூல். மதம் பரப்ப இந்த மொழிகள் தேவைப்பட்டுச்சு. 1781ல் டூபாக் அமரு கலகத்தை நசுக்கினப்போ, அதே ஸ்பானிய அரசு கெச்சுவாவையே ஒழிக்கணும்னு தீர்ப்பில் எழுதிச்சு. பெரு அதை ஆட்சிமொழியாக்கினது 1975ல்தான்.

27) 1980ல் தொடங்கிய பெருவின் உள்நாட்டு வன்முறையை விசாரித்த உண்மை அறியும் ஆணையம் 2003ல் அறிக்கை கொடுத்தது. கொல்லப்பட்டவர்களில் நாலில் மூணு பேருக்குத் தாய்மொழி கெச்சுவா அல்லது வேறொரு பூர்வகுடி மொழி. நாட்டின் மக்கள்தொகையில் அவங்க ஆறில் ஒரு பங்குகூட கிட்டத்தட்ட இல்ல. என்ன மொழி பேசறோம் என்பது அங்கே உயிர்ப் பிரச்சினையா இருந்திருக்கு.

28) பொலிவியாவின் 2009 அரசியல் சாசனம் ஸ்பானிஷோடு 36 பூர்வகுடி மொழிகளை ஆட்சிமொழியாக்கியது. அந்தப் பட்டியலில் கல்லவாயா இருக்கு. பேச யாருமே இல்லாத புக்கினாவும் இருக்கு. மரியாதைதான். ஆனா இறப்புச் சான்றிதழுக்குப் பிறகு வந்த மரியாதை.

29) இனிமேல் "அந்த மொழியும் இந்த மொழியும் ஒண்ணு"ன்னு யாராவது ஃபார்வேர்டு அனுப்பினா மூணே கேள்வி கேளுங்க.
ஒண்ணு, ரெண்டு, கண், கை ஒத்துப்போகுதா?
ஒலி மாற்றம் ஒழுங்கா, திரும்பத் திரும்ப வருதா?
ரெண்டு கூட்டமும் பக்கத்துப் பக்கத்தில் வாழ்ந்தாங்களா?
முதல் ரெண்டுக்கும் ஆமாம்னா சொந்தம். மூணாவதுக்கு மட்டும் ஆமாம்னா சகவாசம்.

30) சகவாசம்னா மட்டம்னு நினைக்காதீங்க. நூற்றாண்டுக் கணக்கில் பெண் கொடுத்து, பெண் எடுத்து, சந்தையில் பேரம் பேசி, ரெண்டு மொழியும் தெரிஞ்ச பிள்ளைகளை வளர்த்திருந்தாத்தான் இலக்கணமே ஒண்ணு போல ஆகும். எந்தக் கல்வெட்டிலும் இல்லாத அந்த வாழ்க்கைக்கு, "கிம்சா, பிச்கா, சொக்தா" என்ற எண்ணிக்கைதான் சாட்சி.

சந்தேகம் இருந்தா கேளுங்க. கினோவா பத்தி மட்டும் வேணாம்.