ஆஷ் கொலை வழக்கு: மலையடிவாரத்தில் உருவான ரகசிய சங்கம்... மணியாச்சியில் என்ன நடந்தது? முழு விவரம்

ஆங்கிலேயருக்கு எதிராகத் துப்பாக்கி ஏந்தியவர்கள் என்றதுமே நமக்கு பகத் சிங், குதிராம் போஸ் என வடக்கத்திப் பெயர்கள்தான் சட்டென்று ஞாபகம் வரும். ஆனால், போடிநாயக்கனூர் ஏலமலைக்குத் தெற்கே, அதே மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கும் செங்கோட்டையிலும் தென்காசியிலும் ஒரு ரகசிய சங்கம் இயங்கியது. அதில் இருந்த ஓர் இளைஞர் 1911-ல் திருநெல்வேலி கலெக்டரையே சுட்டுக் கொன்றார்.

யார் இவர்கள்? எதற்காக இந்தக் கொலை? இன்றும் இதைப் பற்றி சமூக வலைதளங்களில் சண்டை நடப்பது ஏன்? விரிவாகப் பார்க்கலாம்.

மணியாச்சியில் என்ன நடந்தது?

1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலியின் பொறுப்பு கலெக்டர் ராபர்ட் வில்லியம் ஆஷ், மனைவி மேரியுடன் ரயிலில் கிளம்பினார். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கத்தான் இந்தப் பயணம். அப்போது கொடைக்கானலுக்கு இன்றைய மலைச்சாலை கிடையாது. கொடை ரோடு ஸ்டேஷனில் இறங்கி, போடிக்குப் பக்கத்துப் பெரியகுளம் வட்டாரத்து அடிவாரத்துக்கு வந்து, அங்கிருந்துதான் மேலே ஏற வேண்டும்.

ஆனால் ஆஷ் அவ்வளவு தூரம் வரவில்லை. மணியாச்சி ஜங்ஷனில் தூத்துக்குடியிலிருந்து வரும் இணைப்பு ரயிலுக்காக அவரது பெட்டி காத்திருந்தது. காலை சுமார் பத்தே முக்கால் மணி. முதல் வகுப்புப் பெட்டிக்குள் ஏறிய ஓர் இளைஞர், பிரவுனிங் கைத்துப்பாக்கியால் ஆஷை மிக அருகில் இருந்து சுட்டார். பிறகு பிளாட்பாரத்தில் ஓடி, கழிப்பறைக்குள் புகுந்து தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

அவர் பெயர் வாஞ்சி. ஊர் செங்கோட்டை. வயது 25. திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் வனத்துறையில், புனலூரில் வேலை பார்த்தவர். அவருடன் வந்ததாகச் சொல்லப்பட்ட ஓட்டப்பிடாரம் மாடசாமி கடைசிவரை போலீஸிடம் சிக்கவே இல்லை.

ஆஷ் மீது ஏன் கோபம்?

இதற்கு ஐந்து வருடம் பின்னால் போக வேண்டும். 1906-ல் வ.உ.சிதம்பரனார் சுதேசி ஸ்டீம் நேவிகேஷன் கம்பெனியைத் தொடங்கினார். 25 ரூபாய் பங்குகள் 40,000 விற்று, 10 லட்சம் ரூபாய் திரட்டுவது திட்டம். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் நடுவே சுதேசிக் கப்பல் ஓடியதும், அதுவரை தனிக்காட்டு ராஜாவாக இருந்த ஆங்கிலேயக் கப்பல் கம்பெனி கட்டணத்தை அடிமாட்டு விலைக்குக் குறைத்தது. அதிகாரிகளும் அந்தக் கம்பெனி பக்கமே நின்றார்கள்.

1908-ல் தூத்துக்குடி கோரல் மில் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்துக்கு வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் தோள் கொடுத்தனர். மார்ச் 12-ல் இருவரும் கைது. மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. போலீஸ் துப்பாக்கிச்சூட்டில் நான்கு பேர் இறந்தனர். வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். மேல்முறையீட்டில் அது குறைக்கப்பட்டு, 1912 கடைசியில்தான் அவர் வெளியே வந்தார். அதற்குள் கப்பல் கம்பெனி அழிந்துவிட்டது.

இந்தக் காலத்தில் தூத்துக்குடியில் சப் கலெக்டர் அந்தஸ்தில் இருந்தவர் ஆஷ். சுதேசி இயக்கத்தை நசுக்கியதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு என்பது அன்றைய இளைஞர்களின் எண்ணம்.

பாரத மாதா சங்கம்: எப்படி இயங்கியது?

தலைவர்கள் ஜெயிலில், கூட்டம் போடத் தடை, பத்திரிகைகளுக்கு நெருக்கடி. வெளிப்படையாகப் பேச வழியில்லாதபோது ரகசிய சங்கம் முளைத்தது. அதற்கு அடித்தளம் போட்டவர் நீலகண்ட பிரம்மச்சாரி. சீர்காழி அருகே எருக்கூரில் 1889-ல் பிறந்தவர். 1910-ல் தென்காசி வட்டாரத்தில் 'பாரத மாதா சங்கம்' உருவானது. காளி படத்தின் முன் சத்தியம், விரலைக் கீறி ரத்தத்தில் கைநாட்டு, உறுப்பினர்களுக்குப் புனைபெயர் என்று சடங்குகள் நடந்ததாக வழக்கில் சாட்சிகள் சொன்னார்கள்.

மலையோரம் இதற்கு வசதியாக இருந்தது என்பதையும் கவனிக்க வேண்டும். போடிமெட்டைத் தாண்டினால் எப்படித் திருவிதாங்கூரோ, அப்படித்தான் அன்றைக்குச் செங்கோட்டையும் திருவிதாங்கூர் சமஸ்தானத்து ஊர். தென்காசியோ பிரிட்டிஷ் ஆட்சியில். இரண்டு ஊருக்கும் நடுவே சில மைல்தான், ஆனால் நிர்வாகம் வேறு வேறு. செங்கோட்டை தமிழ்நாட்டுடன் சேர்ந்ததே 1956 நவம்பர் 1-ல்தான்.

இன்னொரு அடைக்கலம், பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரி. லண்டன் இந்தியா ஹவுஸில் புரட்சியாளர்களுடன் இருந்த வ.வே.சு. ஐயர், 1910-ல் அங்கு வந்து சேர்ந்தார். புதுச்சேரி போன வாஞ்சி துப்பாக்கி சுடப் பழகியது அவரிடம்தான் என்பது போலீஸ் தரப்பு.

தேதி தற்செயலா?

இல்லை என்றே தெரிகிறது. லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் முடிசூட்டு விழா 1911 ஜூன் 22. அதற்கு ஐந்து நாள் முன்பு ஆஷ் சுடப்பட்டார். வாஞ்சியின் சட்டைப்பையில் கிடைத்த தமிழ்க் கடிதத்திலும் அரசர் பெயர் இருந்தது. அவர் இந்தியாவில் கால் வைத்தால் கொல்வதாக 3,000 பேர் சபதம் எடுத்திருக்கிறார்கள் என்றது அந்தக் கடிதம். இத்தனை பேர் இருந்ததற்கு வழக்கில் எந்தத் தடயமும் இல்லை. சிக்கியவர்கள் சில பேர்தான்.

வழக்கும் தீர்ப்பும்

வாஞ்சியின் வீட்டில் கிடைத்த கடிதங்களைப் பிடித்துக்கொண்டு போலீஸ் வலை விரித்தது. சந்தேக வளையத்தில் வந்த இருவர் தற்கொலை செய்துகொண்டனர். சங்கத்தில் இருந்த இருவர் அப்ரூவராக மாறினார்கள். 14 பேர் மீது சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்கு நடந்தது. தலைமை நீதிபதி ஆர்னால்டு ஒயிட், நீதிபதிகள் அய்லிங், சங்கரன் நாயர் ஆகியோர் விசாரித்தனர். இந்த சங்கரன் நாயரின் கதைதான் 2025-ல் வெளியான 'கேசரி சாப்டர் 2' இந்திப் படம்.

1912 பிப்ரவரியில் தீர்ப்பு. ஒன்பது பேர் குற்றவாளிகள், ஐந்து பேர் விடுதலை. நீலகண்ட பிரம்மச்சாரிக்கு அதிகபட்சமாக ஏழு ஆண்டு கடுங்காவல். யாருக்கும் தூக்கு இல்லை. சங்கரன் நாயர் தனியாக எழுதிய தீர்ப்பில் பாரதியாரின் பாடல்களையும் எடுத்துக்காட்டி அலசினார்.

சர்ச்சை என்ன?

வாஞ்சியின் கடிதம் நாட்டு விடுதலை பற்றி மட்டும் பேசவில்லை. ஆங்கிலேயர் சனாதன தர்மத்தை அழிக்கிறார்கள் என்பதும் அதில் முக்கியக் குற்றச்சாட்டு. அரசரை மாட்டிறைச்சி உண்பவர் என்று இழிவுபடுத்துகிறது. இதனால், அவர் போராடியது யாருடைய விடுதலைக்கு என்ற கேள்வி எழுகிறது. அது நியாயமான கேள்விதான்.

அதே நேரம், ஒடுக்கப்பட்ட சாதியைச் சேர்ந்த கர்ப்பிணியை ஆஷ் அக்ரஹாரம் வழியாக மருத்துவமனைக்குக் கொண்டுபோனார், அதற்காகவே கொல்லப்பட்டார் என்று ஒரு கதை வலம் வருகிறது. ஆஷ் பற்றி நீண்ட காலம் ஆய்வு செய்த வரலாற்றாசிரியர் ஆ.இரா.வேங்கடாசலபதி, இதற்கு ஆதாரம் இல்லை என்கிறார். கடிதத்தில் இருக்கும் சாதி, மத உணர்வை மறைப்பதும் சரியல்ல. இல்லாத சம்பவத்தைச் சேர்ப்பதும் சரியல்ல.

போடி பக்கம் போராட்டம் எப்படி இருந்தது?

மலையோரத்தின் இந்தப் பகுதியில் வேறொரு எதிர்ப்பு நடந்தது. போடியிலிருந்து மதுரை போகும் வழியில் வரும் உசிலம்பட்டி வட்டாரத்தில் உள்ளது பெருங்காமநல்லூர். குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கீழ் பிரமலைக் கள்ளர் மக்களைக் கைரேகை பதிய வைக்க அதிகாரிகள் வந்தபோது ஊரே மறுத்தது. 1920 ஏப்ரல் 3-ல் போலீஸ் சுட்டதில், மாயக்காள் என்ற பெண் உட்பட 16 பேர் இறந்தனர். இங்கே ரகசிய சங்கமும் இல்லை, ரத்தச் சத்தியமும் இல்லை. பிறப்பிலேயே குற்றவாளி என்று எழுதி வைக்கும் சட்டத்தை ஊரே சேர்ந்து எதிர்த்தது. அந்தச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947-ல்தான் போனது.

பிறகு என்ன ஆனார்கள்?

ஆஷ் கொலைக்குப் பிறகு தென்னிந்தியாவில் எந்த ஆங்கிலேய அதிகாரியும் இப்படிக் கொல்லப்படவில்லை. புதுச்சேரியில் இருந்தவர்கள் கடும் கண்காணிப்பில் முடங்கினர். வ.வே.சு. ஐயர் பின்னர் காந்தி வழிக்கு வந்து, சேரன்மாதேவியில் குருகுலம் நடத்தினார். அங்கே பிராமண மாணவர்களுக்குத் தனிப்பந்தி போட்டது பெரிய சர்ச்சையாக வெடித்தது. 1925-ல் பாபநாசம் அருவியில் மூழ்கி இறந்தார். நீலகண்ட பிரம்மச்சாரி 1922-ல் மறுபடியும் சிறை சென்றார். பிறகு கர்நாடகத்து நந்தி மலையில் ஓம்கார் சுவாமி என்ற பெயரில் துறவியாக வாழ்ந்து 1978-ல் மறைந்தார்.

ஆஷின் கல்லறை பாளையங்கோட்டையில் இருக்கிறது. தூத்துக்குடியில் அவருக்கு நினைவு மண்டபம் உண்டு. செங்கோட்டையில் வாஞ்சிக்கு மணிமண்டபம் இருக்கிறது. மணியாச்சி ரயில் நிலையத்தின் இன்றைய பெயர் 'வாஞ்சி மணியாச்சி'.