மீன்பிடிக் கிராமம் நகரமான கதை



சயாம் என்றதும் நம் தோட்டத்துப் பெரியவர்களுக்கு மரண ரயில்தான் நினைவுக்கு வரும். ஜப்பானியர் ஆட்சியில் அங்கே தண்டவாளம் போடக் கொண்டுபோகப்பட்ட நம்மவர்களில் ஆயிரக்கணக்கானோர் திரும்பவே இல்லை. இன்றோ அதே நாட்டுக்கு நம் பிள்ளைகள் உல்லாசப் பயணம் போகிறார்கள். அவர்கள் நாடிச் செல்லும் ஊர்களில் ஒன்று பட்டாயா. சென்ற பள்ளி விடுமுறையில் நாங்களும் அங்குச் சென்று வந்தோம். அந்த ஊரின் வரலாற்றைத்தான் இன்று சொல்லப் போகிறோம்.

பட்டாயா, பாங்காக்கிலிருந்து தென்கிழக்கே சுமார் 150 கிலோமீட்டர் தொலைவில் சொன்புரி மாநிலத்தில் இருக்கிறது. 1767ஆம் ஆண்டு பர்மியப் படையிடம் அயோத்தியா தலைநகர் வீழ்வதற்குச் சற்று முன், பிரயா தாக் என்னும் தளபதி தம் ஆட்களுடன் இவ்வழியே வந்து தங்கினார் என்றும், அந்தப் பிரயாவின் பாசறை என்பதே பட்டாயா எனத் திரிந்தது என்றும் அவ்வூர் மக்கள் கூறுவர். அதன்பின் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் அது வலையும் தோணியுமாக வாழ்ந்த சிற்றூராகவே இருந்தது.

அதை மாற்றியது யுத்தம். 1959ஆம் ஆண்டு நக்கோன் ராட்சசிமாவில் இருந்த அமெரிக்க வீரர்கள் சிலர் ஓய்வெடுக்க வந்ததே தொடக்கம் என்பார்கள். வியட்நாம் போர் மூண்டபின், பட்டாயாவுக்குத் தெற்கே ஊத்தாபாவோ என்னுமிடத்தில் பெரிய விமானத் தளம் எழுந்தது. 1967 முதல் குண்டுவீச்சு விமானங்கள் அங்கிருந்து பறந்தன. வீரர்கள் விடுமுறை கழிக்கக் கடற்கரைக்கு வந்தார்கள். அவர்களுக்காக விடுதிகளும் மதுக்கூடங்களும் முளைத்தன. 1976இல் அமெரிக்கப் படை தாய்லாந்தை விட்டு வெளியேறியது. ஆனால் விளக்குகள் அணையவில்லை. சிப்பாய் போன இடத்துக்குச் சுற்றுலாப் பயணி வந்தான். 1978இல் பட்டாயா தனி நிர்வாகமுள்ள நகரமாயிற்று.

இரவில் அவ்வூர் பகலைப் போல் ஒளிர்கிறது. நாங்கள் சாப்பிடப் போன கடையில் பரிமாறிய பெண்ணிடம் ஊரைக் கேட்டோம். வடகிழக்கே ஈசான் பகுதி என்று உடைந்த ஆங்கிலத்தில் சொன்னாள். மழையை நம்பிய நெல்வயல், பெற்றோரின் கடன், மாதந்தோறும் வீட்டுக்கு அனுப்பும் பணம். அவள் கதை அவ்வளவுதான். அந்நகரில் உழைக்கும் பலரும் அப்படி வந்தவர்களே. அவர்களைக் கேலியாகப் பார்ப்பவர்கள், தோட்டத்தை விட்டுத் தொழிற்சாலை விடுதிக்குப் போன நம் வீட்டுப் பெண்பிள்ளைகளை ஒரு கணம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

கடலும் விலை கொடுத்தது. 1980களின் பிற்பகுதியில் விடுதிகளின் கழிவுநீர் கலந்து விரிகுடாவின் நீர் கெட்டது. அருகிலுள்ள லான் தீவின் பவளப் பாறைகளைப் படகு நங்கூரங்கள் உடைத்தன. பின்னர்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் அமைத்தார்கள். 2003இல் குராம் என்ற பழைய கடற்படைக் கப்பலையும், 2006இல் கூட் என்ற கப்பலையும் வேண்டுமென்றே கடலில் மூழ்கடித்தார்கள். இரண்டும் இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்காவில் கட்டப்பட்டவை. இன்று அவற்றில் மீன்கள் குடியிருக்கின்றன. காற்றுக் கலத்தை முதுகில் கட்டிக்கொண்டு இறங்குவோர் அவற்றைப் பார்த்துத் திரும்புகிறார்கள். யுத்தம் உண்டாக்கிய ஊரில், யுத்தக் கப்பல் மீனுக்கு வீடாகிவிட்டது!

நேயர்களே, நம் தோட்டங்களும் இப்படித்தான் மாறி வருகின்றன. பால்மரம் நின்ற இடத்தில் வீடமைப்புத் திட்டங்கள் எழுகின்றன, லயங்கள் மறைகின்றன. நிலத்தின் மதிப்பு உயரும்போது அதில் பாடுபட்டவனுக்கு என்ன மிஞ்சுகிறது? பட்டாயாவின் கடற்கரையில் இன்று வலை உலர்த்த இடம் தேட வேண்டியிருக்கிறது. அங்குப் போகும் பிள்ளைகள் விளக்குகளை மட்டும் பார்த்துவிட்டு வராமல், இந்தக் கேள்வியையும் மனத்தில் சுமந்து வரட்டும். வீடும் மனைப் பத்திரமும் பிள்ளைகளின் படிப்பும் நம் கையில் இருந்தால், ஊர் மாறினாலும் நாம் நிலைகுலைய மாட்டோம்.