பணியிடப் பிணக்கு பாடமான வரலாறு

அயல்நாட்டுத் தொழில்நுட்பப் பயிற்சியாளர்களை வரவழைக்கும் பொருட்டு 1959-இல் ஜப்பானில் ஏஓடிஎஸ் என்னும் சங்கம் தோன்றியபோது, பட்டறையில் வேலை பழகுமுன் அவர்களுக்கு ஜப்பானிய பாஷையைப் புகட்டும் ஏற்பாடும் அதனோடு சேர்ந்து வளரலாயிற்று. அம்மரபில் பிறந்த பாடநூல்கள் வாக்கிய அமைப்புகளைப் படிப்படியாக அடுக்கி, அவை நாவில் பதியும்வரை பயிற்சி அளித்தன. கற்பவன் பிழையின்றிப் பேசிவிட்டால் காரியம் தானே கைகூடும் என்பது அக்காலத்தார் கொண்டிருந்த நம்பிக்கை.

அயல்நாட்டு மாணவர் தொகையை ஒரு லட்சமாக உயர்த்துவதென 1983-இல் நகசோனே அரசாங்கம் வகுத்த திட்டமும், மறு ஆண்டில் தொடங்கிய ஜப்பானிய மொழித் திறன் தேர்வும் இக்கல்வியைப் பெருக்கின. 1996-இல் வர்த்தக ஜப்பானியத்துக்கெனத் தனித் தேர்வொன்றும் ஏற்பட்டது. மரியாதை மொழியாகிய கெய்கோ, தொலைபேசி உபசாரம், பெயரட்டையை இரு கைகளாலும் நீட்டும் முறை ஆகிய யாவும் பாடமாயின. ஆயினும் இப்பாடங்கள் அனைத்துக்கும் அடியில், வந்தவன்தான் மாற வேண்டும், இருப்பவன் மாற வேண்டியதில்லை என்ற அனுமானம் அசையாமல் கிடந்தது என்பதே என் அபிப்பிராயம்.

இந்த அனுமானத்தை அசைக்க உதவிய கருவி மொழிக் கல்வியின் புறத்தேயிருந்து வந்தது. வியாபார விருத்தாந்தத்தை முன்வைத்து மாணவரை விவாதிக்கச் செய்யும் ஹார்வர்டு முறை, 1962-இல் நிறுவப்பெற்ற கெயோ வணிகக் கல்விக்கூடத்தின் வழியே ஜப்பானில் வேரூன்றியிருந்தது. மற்றொருபுறம், 1954-இல் உளவியலறிஞர் பிளானகன் விவரித்த முக்கிய நிகழ்வு ஆய்வுமுறையைத் தழுவி, 1960-களில் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தார் கலாசாரப் பயிற்சி ஏடுகளை இயற்றினர். அவ்வேடுகளில் ஒரு மனத்தாங்கலுக்குப் பல விளக்கங்கள் தரப்படும். அவற்றுள் ஏற்றதொன்றைக் கற்பவர் தேர்ந்தெடுக்க வேண்டும். விடை முன்னரே நிச்சயிக்கப்பட்டிருந்தமையால், அங்கே சம்பாஷணைக்கு இடமில்லாமற் போயிற்று.

அக்குறையை நீக்கியவர்களுள் முதன்மையாகக் குறிக்கத்தக்கவர் ஜப்பானிய மொழிக் கல்வியாளர் கொண்டோ அயா. அவரும் அவருடன் உழைத்த ஆசிரியர்களும் 2013-இல் வெளியிட்ட பாடநூல், பணியிடங்களில் உண்மையாக எழும் பிணக்குகளை விருத்தாந்தங்களாக அமைத்துத் தந்தது. அதன் இயல்பை விளக்க நாமே ஒன்றைப் புனைந்து பார்க்கலாம். செவ்வாயன்று ஒரு வேலையை ஏற்ற அயல்நாட்டுப் பொறியாளர், இடையில் நேர்ந்த சிக்கலைத் தாமே தீர்த்து, குறித்தபடி வெள்ளியன்று ஒப்படைக்கிறார்; மேலதிகாரியின் முகமோ மலரவில்லை. நம்பித் தந்த வேலைக்காக அவரை அடிக்கடி தொந்தரவு செய்வது அழகல்ல என்று இவர் எண்ணினார். சிக்கலை மறைத்துவிட்டார் என்று அவர் எண்ணினார். அறிவித்தல், தெரிவித்தல், கலந்தாலோசித்தல் என்னும் மூன்றையும் சுருக்கி, பசலைக்கீரையின் பெயரோடு ஒலியொப்புமை கொண்டு வழங்கும் ஹோரென்சோ என்ற நியதி, ஒருவருக்கு மூச்சுப்போல் இயல்பாகவும் மற்றவருக்குக் கேள்விப்படாததாகவும் இருந்ததே பிணக்கின் மூலம்.

இத்தகைய விருத்தாந்தத்தை முதலில் தனியே படித்து ஒவ்வொருவரும் தம் கருத்தைத் தாளில் எழுதுகின்றனர். பின் சிறு குழுவிலும், அடுத்து வகுப்பு முழுவதிலும் விவாதித்து, முடிவில் தம் எண்ணம் எங்கே மாறியது என்று தமக்குள் திரும்பிப் பார்க்கின்றனர். சரியான விடை என ஒன்று அறிவிக்கப்படுவதில்லை. உடன்படாமையை மனம் நோகாமல் உரைத்தல், காரணம் வினவுதல், பிறர் கூற்றை மீளச் சொல்லித் தெளிதல் ஆகிய மொழித்தொழில்கள் இங்கே தேவையிலிருந்து பிறக்கின்றன. பயிற்சிப் புத்தகத்தின் காலியிடத்தை நிரப்பிப் பெறும் வாக்கியத்துக்கு இந்த உயிர் வாய்ப்பதில்லை. ஜப்பானிய ஊழியரும் அதே வட்டத்தில் அமரும்போது, தாம் சொல்லாமலே விளங்கும் என்று கருதியவற்றைச் சொல்லில் வடிக்கும் கடமை அவருக்கும் நேர்கிறது. இம்முறையின் மெய்யான பெறுமதி அதில்தான் இருக்கிறது.

2019-இல் நிறைவேறிய ஜப்பானிய மொழிக்கல்வி ஊக்குவிப்புச் சட்டம், அயல்நாட்டாரை அமர்த்தும் முதலாளிகள் அவர்களுக்கும் அவர்தம் குடும்பத்தாருக்கும் பாஷை பயிலும் வாய்ப்பளிக்க முயல வேண்டுமெனப் பணிக்கிறது. அவர்களோடு பக்கத்து மேஜையில் வேலை செய்யும் ஜப்பானியரையும் அவ்வகுப்பில் அமர்த்தாத முதலாளி, அக்கடமையில் பாதியையே நிறைவேற்றியவராவார்.