ஆற்று நீரின் தரத்தைக் கண்காணிப்பது எப்படி? நொய்யல் கரை விவசாயிகளுக்கான வழிகாட்டி

நொய்யல் பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை, சில ஆண்டுகளிலேயே சாயக்கழிவு தேங்கும் குட்டையாகிவிட்டது. 2011 ஜனவரியில் திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டதும் உங்களுக்குத் தெரிந்ததே. இன்று வாய்க்காலில் வரும் தண்ணீரைப் பயிருக்கு விடலாமா என்பதை அறிய, என்றோ ஒருநாள் பிடித்த ஒரு பாட்டில் தண்ணீர் போதாது. கரையோர ஊர்கள் சேர்ந்து, ஒரே முறையில், தொடர்ந்து மாதிரி எடுக்க வேண்டும்.

எங்கே எடுப்பது?

நகரத்துக்கு மேலே ஓர் இடம் கட்டாயம் வேண்டும். மேலே எப்படி இருந்தது என்ற கணக்கு இல்லாமல், கீழே கெட்டுவிட்டது என்று மனு கொடுத்தால் நிற்காது. அடுத்து, ஓடையோ சாக்கடையோ கலக்கும் ஒவ்வொரு இடத்துக்கும் கீழே ஒன்று. கலக்கும் வாயிலேயே எடுக்காதீர்கள். கழிவு கொஞ்ச தூரம் ஒரு கரையை ஒட்டியே ஓடும். இரு கரையிலும் நடுவிலும் இ.சி. மீட்டர் ஏறக்குறைய ஒரே அளவைக் காட்டும் இடமே சரியான இடம். அதைப் பிறகு மாற்றக்கூடாது. ஆற்றை ஒட்டிய இரண்டு மூன்று கிணறுகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது எடுப்பது?

மாதம் ஒருமுறை, கோடையில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை. மழை வந்ததும் சிலர் கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது கரையோரத்தில் பழைய புகார். எனவே முதல் மழைக்கு மாதத் தேதி வரட்டும் என்று காத்திருக்காமல், அன்றே சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுங்கள். ஒவ்வொரு முறையும் நீர்மட்டத்தையும் குறியுங்கள். வெள்ளத்தில் உப்பின் அளவு குறைவாகத் தெரியும். ஆனால் ஆறு சுமந்து வரும் மொத்த உப்பு கூடியிருக்கலாம்.

எதைப் பார்ப்பது?

பாசன நீருக்கு மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் வகுத்த வரம்பு: கார அமில நிலை 6.0 முதல் 8.5, இ.சி. 2250 மைக்ரோமோ, சோடியம் ஈர்ப்பு விகிதம் 26, போரான் லிட்டருக்கு 2 மில்லிகிராம். நிறத்தை நம்ப வேண்டாம். நிறம் நீக்கிய சாயநீர் தெளிவாக இருக்கும், உப்பு அப்படியே இருக்கும்.

வரம்புக்குள் இருந்தாலே நல்ல தண்ணீர் என்றும் நினைக்க வேண்டாம். இ.சி. 2250 என்றால் லிட்டருக்குச் சுமார் 1440 மில்லிகிராம் உப்பு. ஓர் ஏக்கரில் 5 செ.மீ. உயரம் தண்ணீர் கட்டினால் அது சுமார் 2 லட்சம் லிட்டர். ஒரே பாய்ச்சலில் ஏறக்குறைய 290 கிலோ உப்பு வயலில் இறங்குகிறது. வடிகால் இல்லாத களிமண்ணில் அது வேரடியிலேயே தங்கும்.

மாதிரிக்கு அரை லிட்டர் பிளாஸ்டிக் பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை கழுவி, நிரம்பப் பிடித்து மூடுங்கள். கிணறு என்றால் மோட்டாரைப் பத்து நிமிடம் ஓட்டிய பிறகு பிடியுங்கள். இடம், தேதி, நேரம், எடுத்தவர் பெயர் எழுதி ஒட்டி, மறுநாளுக்குள் மண், நீர் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துவிடுங்கள்.