தரநிலைக் கலப்பும் பிரிப்பும் (ஜூடோ)

ஜூடோ வகுப்பில் புதியவரையும் தேர்ந்தவரையும் சேர்த்தோ தனித்தனியாகவோ பயிற்றும் முறை. 1882-இல் டோக்கியோவில் கோடோகானைத் தொடங்கிய கானோ ஜிகோரோ, மறு ஆண்டே சைகோ ஷிரோ, தொமிதா சுனெஜிரோ இருவருக்கும் முதல் ‘டான்’ தரம் அளித்தார். டானுக்குக் கீழ்ப்பட்டவை ‘கியூ’ தரங்கள்.

தரம் பிரித்தாலும் பாய் ஒன்றுதான். ‘ரண்டோரி’ எனும் கட்டற்ற பயிற்சியில் டான் தரம் பெற்ற கறுப்புப் பட்டைக்காரர், புதியவரான வெள்ளைப் பட்டைக்காரரின் சட்டையைப் பற்றி, வேகத்தைக் குறைத்து வீசுவார். விழும் கணத்தில் விழுபவரின் கையை விடாமல் மேலே இழுப்பார். அப்போது விழுபவர் மோவாயை மார்போடு ஒட்டி, மறுகையால் பாயில் அறைவார். ‘உகெமி’ எனும் இந்த விழும் முறை கைவராதவரைக் கலப்பது ஆபத்து; தொடக்க வாரங்களுக்குத் தனி வகுப்பே பொருத்தம்.

கியூ தரங்களைக் காட்டும் வண்ணப் பட்டைகள் ஐரோப்பாவில் பரவ, 1930-களில் பாரிசில் கற்பித்த கவாய்ஷி மிகினோசுகே முக்கியக் காரணம்.

போட்டியில் பிரிப்பது தரமல்ல, எடை. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் எடை வரம்பற்ற பிரிவும் இருந்தது. அதில் வென்றவர் நெதர்லாந்தின் ஆன்டன் ஹீசிங்க்.