கைத்திறனும் கலைக்கல்லூரி வாயிலும்

நம் பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் நம்மிடம் வந்து வினவும் படிப்புகள் ஐந்தாறுக்கு மேல் இரா. செவிலியர் படிப்பு, பொறியியல், ஆசிரியர் பயிற்சி, காவலர் தேர்வு என்ற அளவில் அப்பட்டியல் முடிந்துவிடும். வடிவமைப்புக் கல்லூரியில் சேர என்ன செய்ய வேண்டும் என்று கேட்டவர் நம் பணிக்காலம் முழுவதிலும் மூவரே. எழுத்துத் தேர்வோடு நில்லாமல், கையால் ஒன்றைச் செய்துகாட்டச் சொல்லியும், எதிரே அமர்த்திப் பேசச் சொல்லியும் மாணாக்கரைத் தேர்ந்தெடுக்கும் கல்லூரிகள் நாட்டில் பல உள. அவ்வாயில் எவ்வாறு தோன்றிற்று என்பதையும், அதனுள் நுழைய எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பதையும் சேர்த்தே இவ்வெள்ளி விழா மலரில் எழுதக் கருதினோம். வரைவதில் வல்லவராயினும் தம் கைத்தொழிலின் வரலாறு அறியாத பிள்ளைகள் நேர்காணலில் தடுமாறுகின்றனர். ஆதலின் வரலாறே முதலில் வருக.

நம் வரதராசன்பேட்டைக்குத் தெற்கே, கொள்ளிடத்தை அடுத்து, உடையார்பாளையம் வட்டத்தில் கோடாலிக்கருப்பூர் என்றோர் ஊர் இருக்கிறது. தஞ்சை மராட்டிய மன்னர் குடும்பத்துக்கென அவ்வூரில் சேலைகள் செய்யப்பட்டன. பருத்தி நூலோடு சரிகை சேர்த்துப் பூவேலை நெய்து, அதன்மேல் உருக்கிய மெழுகால் கோலமிட்டு, மெழுகு படாத இடத்தில் சாயமேற்றும் அரிய முறை அது. 1855ஆம் ஆண்டில் தஞ்சை அரச மரபு முடிவுற்றது. வாங்குவோர் இன்றிச் சேலையும் மறைந்தது. இன்று அச்சேலைகளை அருங்காட்சியகங்களில்தான் காணமுடியும். துணியில் கையால் எழுதும் கருப்பூர்க் கலம்காரிக்கு மட்டும் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சேலைக்கு ஊரின் பெயர் நின்றது. நெய்தவர், மெழுகெழுதியவர், சாயந்தோய்த்தவர் பெயர்கள் நின்றில.

செய்தவர் பெயர் நில்லாமை அன்று தோன்றியதன்று. முதலாம் இராசராசன் காலத்துத் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகள், வரி நீக்கப்பட்ட நிலங்களைக் கணக்கிடும்போது, குளத்தையும் வாய்க்காலையும் சுடுகாட்டையும் சொல்லும் அதே மூச்சில் கம்மாணசேரியையும் பறைச்சேரியையும் சொல்கின்றன. கருவி செய்வோனும் கழனி உழைப்போனும் ஒதுக்கி வைக்கப்பட்ட நிலப்பரப்பாகவே கணக்கில் ஏறினர். ஆயிரம் ஆண்டுக்கு முந்திய கணக்கேடு எனினும், நம் ஊர்களின் படத்தை இன்றைக்கு வரைந்தாலும் அதன் சாயல் தெரியும்.

கைத்தொழிலைப் பள்ளிக்கூடத்தில் வைத்துக் கற்பிக்கலாம் என்னும் எண்ணம் சென்னையில் 1850ஆம் ஆண்டு உருப்பெற்றது. அலெக்சாண்டர் ஹண்டர் என்னும் அறுவை மருத்துவர் தம் முயற்சியால் ஓர் ஓவியப் பள்ளியைத் தொடங்கினார். சில ஆண்டுகளில் அரசே அதனை ஏற்றுக்கொண்டது. ஓவியம் வரைதல் ஒரு புறமும், மட்பாண்டம், உலோகம், மரவேலை முதலிய தொழில்கள் மறுபுறமுமாக அப்பள்ளி வளர்ந்தது. ஹாவெல் 1884இல் அதன் பொறுப்பேற்று மாகாணத்துக் கைவினைகளை நேரில் ஆராய்ந்தார். சாட்டர்ட்டன் என்னும் பொறியாளர் 1898இல் அங்கே அலுமினியப் பாத்திரம் செய்யும் பட்டறையைத் தொடங்கினார். நாம் சோறு வடித்த அலுமினியச் சட்டியின் கதை அங்கேதான் தொடங்குகிறது. அவரே பின்னர்க் குரோம் முறையில் தோல் பதனிடுவதைச் சென்னை மாகாணத்தில் பரப்ப முனைந்தார். தோலைத் தொட்டவன் என்று நம் பாட்டன்மாரை ஊர் விலக்கி வைத்திருந்த காலம் அது. அதே தோலை அரசின் பொறியாளர் தொட்டபோது அது தொழில்துறை எனப் பெயர் பெற்றது. தோல் மாறவில்லை, தொட்ட கைதான் வேறு.

அப்பள்ளிக்கு முதல் இந்தியத் தலைவராக வந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி கால்நூற்றாண்டுக்கு மேல் அதனை நடத்தினார். சென்னைக் கடற்கரையில் நால்வர் ஒரு பாறையைப் பெயர்க்கும் உழைப்பாளர் சிலை அவர் வடித்ததே, 1959இல் நிறுவப்பட்டது. அவருக்குப்பின் தலைவரான கே.சி.எஸ். பணிக்கர், ஓவியர் தம் கைவினையால் தாமே பிழைத்துக்கொள்ளல் வேண்டும் என்று கருதி, 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைத் தோற்றுவித்தார். அக்காலத்தில் அங்கே பயின்றவருள் ஒருவரை நம் இளைஞர்கள் அறிந்திருத்தல் நலம். பெரம்பலூரும் அரியலூரும் திருச்சி மாவட்டத்துள் அடங்கியிருந்த நாளில், அம்மாவட்டத்துக் கீராம்பூரில் 1938இல் வேளாண் குடும்பத்தில் பிறந்த கே.எம். ஆதிமூலம் அவர். சென்னைக்குச் சென்று, சிற்பி தனபாலின் வழிகாட்டலில் ஓவியப் பள்ளியிற் சேர்ந்து, 1966இல் பட்டயம் பெற்றார். காந்தியடிகள் நூற்றாண்டையொட்டி வெறும் கறுப்புக் கோடுகளால் அவர் வரைந்த காந்தி உருவங்கள் நாடெங்கும் பேசப்பட்டன. நம் சமுதாயத்தவர் அல்லர். ஆயினும் புன்செய்க் காட்டிலிருந்து எழும்பூர் வரை ஒரு பாதை உண்டென்பதற்கு அவர் சான்று.

இனி நாட்டளவில் நிகழ்ந்ததைக் காண்போம். விடுதலைக்குப் பின், பொறியாற் செய்யும் பொருள்களுக்கு நல்ல வடிவம் வேண்டுமெனக் கருதிய இந்திய அரசு, அமெரிக்க நாட்டுச் சார்லசு ஈம்சு, ரே ஈம்சு என்னும் கணவன் மனைவியரை அழைத்தது. அவர்கள் நாடு முழுதும் சுற்றி 1958இல் ஓர் அறிக்கை அளித்தனர். இந்நாட்டில் தாம் கண்ட பொருள்களுள் மிகச் சிறந்தது எளிய லோட்டாச் செம்பே என்றனர். எவ்வளவு நீர் கொள்ள வேண்டும், எந்தக் கைக்கு அடங்க வேண்டும், இடுப்பிலும் தலையிலும் எவ்வாறு அமர வேண்டும், ஊற்றும்போது எப்படிச் சாய வேண்டும், விலை என்ன என்றெல்லாம் வினாக்களை அடுக்கினர். அவ்வறிக்கையின் வழியே 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் எழுந்தது.

அவ்வினாக்களைப் படிக்குந்தோறும் நமக்கு மற்றொரு வினா எழும். அச்செம்பை யார் தொடலாம்? அண்ணல் அம்பேத்கர் பள்ளிச் சிறுவராயிருந்தபோது, ஏவலாள் உயரத்திலிருந்து ஊற்றினாலன்றித் தண்ணீர் இல்லை. தேநீர்க் கடைகளில் நமக்கென வேறு குவளை ஒதுக்கி வைத்திருந்ததை நம் தலைமுறை கண்டது. தனிக் குவளையும் ஒரு வடிவமைப்பே. யாரை விலக்க வேண்டும் என்று எண்ணிச் செய்த வடிவமைப்பு. ஈம்சு இணையர் கேளாது விட்ட இவ்வினாவைக் கேட்கத் தகுதியுடையவர் நம் பிள்ளைகளே. இதனைக் குறையாகச் சொல்லவில்லை. அயல்நாட்டவர்க்கு அது தெரிந்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் அத்தகைய கல்லூரியில் அமர்ந்து பயிலும் நம் மாணவன் ஒருவன் அதனைக் கேட்டால், வகுப்பறைக்கே புதிய பாடம் கிடைக்கும்.

அகமதாபாத்துக்குப் பின் 1986இல் புதுதில்லியில் தேசிய ஆடை வடிவமைப்பு நிறுவனம் தொடங்கப்பட்டது. 'நிஃப்ட்' என வழங்கும் அதன் கிளை சென்னைக்கு 1995இல் வந்தது. ஐ.ஐ.டி.க்களில் வடிவமைப்புப் பட்டப்படிப்புக்கென 2015 முதல் 'யூசீட்' தேர்வு நடைபெறுகிறது. இவையன்றிச் சென்னையிலும் நமக்கு அண்மையிலுள்ள கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரிகள் இருக்கின்றன. 1957இல் தோன்றிய மாமல்லபுரம் சிற்பக் கல்லூரியும் உண்டு.

இக்கல்லூரிகளின் செய்முறைத் தேர்வைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்லவேண்டும். ஏனெனில் நம் பிள்ளைகள் வீணே அஞ்சுவது இங்கேதான். கவின்கலைக் கல்லூரிகளில் பெரும்பாலும் எதிரே உள்ள பொருளையோ ஆளையோ பார்த்து வரைதல், வண்ணம் தீட்டுதல், தாமாக ஒரு கோலம் அமைத்தல் ஆகியன கேட்கப்படும். நிஃப்ட் பட்டப்படிப்புக்குரிய செய்முறைத் தேர்விலோ ஒரு சூழலைச் சொல்லி, அட்டை, துணி, நூல், கம்பி போன்ற எளிய பொருள்களைக் கொடுத்து, குறித்த நேரத்துக்குள் ஓர் உருவைச் செய்யச் சொல்வர். செய்ததைப் பற்றிச் சில வரி எழுதவும் சொல்வர். தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் எழுத்துத் தேர்வில் தேறியவர்க்கே இரண்டாம் கட்டமாகப் பட்டறைத் தேர்வு நடக்கும்.

கொடுத்த பொருள் எப்படி வளையும், எங்கே முறியும், எதனோடு ஒட்டும் என்று கைக்குத் தெரிந்திருப்பதையே இத்தேர்வுகள் அளக்கின்றன. நகரத்துப் பிள்ளைகள் இதற்கெனப் பணங்கட்டிப் பயிற்சி பெறுகின்றனர். நம் வீட்டிலோ கீற்று முடைகிறோம். மூங்கிலைப் பிளந்து கூடை பின்னுகிறோம். முந்திரிக்கொட்டையின் ஓட்டைப் பருப்பு சிதையாமல் உடைக்கிறோம். பறை ஒன்றை எடுத்துப் பாருங்கள். மூன்று மரத்துண்டுகளை வளைவாக இழைத்து, தகடு வைத்துப் பொருத்தி, ஒரு வட்டமாக்குகின்றனர். பதப்படுத்திய தோலைப் புளியங்கொட்டைப் பசையால் ஒட்டி இழுத்துக் கட்டுகின்றனர். ஈரக்காற்றில் தொய்ந்த தோலைத் தீயிற் காய்ச்சிச் சுதி ஏற்றுகின்றனர். மரம், உலோகம், தோல், பசை, வெப்பம் ஆகிய ஐந்தின் இயல்பும் அறிந்தாலன்றி இது கைகூடாது.

ஆயத்தத்துக்கு ஓராண்டேனும் வேண்டும். பதினொன்றாம் வகுப்பிலேயே தொடங்குதல் சாலச் சிறந்தது. நாள்தோறும் ஒரு மணி நேரம், அழிப்பான் இன்றி, கண்ணாற் கண்டதை வரையுங்கள். நடிகர் படத்தைப் பார்த்துப் படி எடுப்பது பயன்படாது. தேர்வாளர்க்கு அது உடனே தெரிந்துவிடும். மிதிவண்டி, கிணற்று உருளை, சந்தையிற் குந்தியிருக்கும் கிழவி, அலங்கார அன்னை ஆலயத்தின் முகப்பு, வெயிலில் உலரும் முந்திரி ஆகியவற்றை வரையுங்கள். ஒரே பொருளை மேலிருந்தும் பக்கத்திலிருந்தும் தரையிற் படுத்தும் பார்த்து வரையுங்கள். ஒரு ஞாயிறு கங்கைகொண்ட சோழபுரம் சென்று சிங்கக் கிணற்றின் எதிரே அமருங்கள். சிங்கத்தின் உடல் வழியே இறங்கித் தண்ணீரை அடையச் செய்த அக்கட்டடத்தை வரைந்து முடிப்பதற்குள், அளவும் நிழலும் தொலைவும் என்னவென்று எந்நூலும் சொல்லாத அளவுக்குப் புரியும். வாரம் ஒரு நாள், வீட்டில் கழித்துப்போட்ட அட்டை, வைக்கோல், சணல் இவற்றைக் கொண்டு கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு ஏதேனும் ஒன்றைச் செய்யுங்கள். இயலுவோர் அரசுத் தொழில்நுட்பத் தேர்வில் ஓவியத்துக்கான லோயர், ஹையர் நிலைகளையும் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

மொழி ஒரு தடையே. தேசிய வடிவமைப்பு நிறுவனமும் நிஃப்டும் வினாத்தாளை ஆங்கிலத்திலும் இந்தியிலும் தருகின்றன, தமிழில் இல்லை. இதனை மாற்றக் கோருவது ஒரு கடமை. அதுவரை காத்திராமல் வடிவம், பொருள், நிறம் பற்றிய இருநூறு ஆங்கிலச் சொற்களைக் கற்றுக்கொள்வது மற்றொரு கடமை.

நேர்காணலைப் பற்றி ஒரு செய்தி. நம்மிடம் பயின்ற மாணவன் ஒருவன், வரைவதில் மிக வல்லவன், வெளியூர்க் கல்லூரி ஒன்றின் நேர்காணலுக்குச் சென்றான். தந்தை என்ன செய்கிறார் என்று கேட்டனர். கூலி வேலை என்றான். அடுத்த வினாவுக்குப் போய்விட்டனர். அவன் தந்தை சுற்றுவட்டாரத்தில் பெயர் பெற்ற பறை செய்பவர். தோலைத் தட்டி ஓசையாலேயே அதன் தடிப்பைச் சொல்வார். அதனை ஏன் சொல்லவில்லை என்று கேட்டோம். 'சொன்னால் சாதி தெரிந்துவிடுமே ஐயா' என்றான். அவனைக் கடிந்துகொள்ள நமக்கு மனம் வரவில்லை. அவ்வச்சத்தை அவனுக்குக் கற்பித்தவர் அவன் அல்லனே. அவனுக்கு அவ்விடம் கிடைக்கவில்லை. மறு ஆண்டு வேறொரு கல்லூரிக்குச் சென்றபோது, தந்தை பறை செய்யும் முறையைப் படிப்படியாகப் பன்னிரண்டு தாளில் வரைந்து எடுத்துச் சென்றான். நேர்காணல் முழுதும் அத்தாள்களின் மீதே நடந்தது, இடமும் கிடைத்தது.

சாவுக்குப் பறையடிக்க மாட்டோம் என்று நம் முன்னோர் பலர் மறுத்தனர், அடிபட்டும் மறுத்தனர். அம்மறுப்பு நேரியது, போற்றத்தக்கது. ஆனால் அவர்கள் மறுத்தது அடிமை ஊழியத்தை. தோலையும் மரத்தையும் அறிந்த அறிவை அன்று. இவ்விரண்டையும் குழப்பிக்கொள்வோர் நம்முள்ளும் இருக்கின்றனர்.

சான்றிதழ் பற்றியும் சொல்லிவிடுவோம். நடுவண் அரசின் வடிவமைப்பு நிறுவனங்களில் பட்டியல் இனத்தார்க்கு 15 விழுக்காடும் பழங்குடியினர்க்கு 7.5 விழுக்காடும் இடஒதுக்கீடு உண்டு. மெட்ரிக்குக்கு மேற்பட்ட படிப்புக்கான உதவித்தொகை, அண்ணல் அம்பேத்கர் வைசிராய் அவையில் உறுப்பினராக இருந்த நாளில், 1944இல் தொடங்கியது. அதனைப் பெறுவது நம் உரிமை. நம் பகுதியில் கிறித்துவத்தைத் தழுவிய குடும்பங்கள் மிகுதி. 1950ஆம் ஆண்டு ஆணைப்படி அவர்கள் பட்டியல் இனத்துள் சேர்க்கப்படுவதில்லை. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைக்கப்பட்டுள்ளனர். ஆதலின் அவர்கள் நடுவண் அரசின் படிவத்தில் அதற்குரிய சான்றிதழை உரிய ஆண்டுக்குள் பெறவேண்டும். விண்ணப்பக் கடைசி நாளில் வட்டாட்சியர் அலுவலக வாயிலில் நிற்கும் பெற்றோரை ஆண்டுதோறும் காண்கிறோம். கோடை விடுமுறையிலேயே இதனை முடித்துக்கொள்ளுங்கள்.

சென்னைக் கவின்கலைக் கல்லூரித் தேர்வுக்குச் செல்வோர் அரியலூர் நிலையத்தில் இரவு வண்டி ஏறினால் விடியலில் எழும்பூரில் இறங்கலாம். அங்கிருந்து கல்லூரி நடைதொலைவே. ஹண்டர் காலத்துப் பள்ளியின் வழிவந்தது அதுதான். கிளிப் போட்ட வரைபலகை, நான்கைந்து வகைப் பென்சில், வண்ணம், தூரிகை, கத்தரிக்கோல், பசை, தண்ணீருக்கு ஒரு சிறு கிண்ணம் இவற்றை முதல் நாள் மாலையே பையில் எடுத்து வையுங்கள். வீட்டில் செய்த கூடையோ முறமோ பறையோ இருப்பின், அதனை வரைந்த தாள்களையும் மறவாமல் உடன் கொண்டு செல்லுங்கள்.